வெயில் பொம்மைகள் காய்ந்த மாடி

அறிவியல் டீச்சர் வேலை என்பது, சூரியனைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து காட்டிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நிஜமான சூரியன் காய்ந்துகொண்டிருப்பதை மறந்துவிடுகிற வேலை. இந்த வேலையில் தொண்டை கட்டிப்போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மதியச் சாப்பாடு முடிந்து வருகிற முதல் பீரியடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அறுபது பிள்ளைகளின் கண்ணும் மெல்ல மெல்லச் சொருகும். "சூரியன் ஒரு நட்சத்திரம்" என்று நாம் சொல்லிக்கொண்டே இருப்போம். நம் குரலே நமக்கு, பக்கத்து வகுப்பில் யாரோ பேசுவது போலக் கேட்கும்.

தொண்ணூறுகளின் நடுவில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் இருந்தேன். ஒரு பக்கம் மில், இன்னொரு பக்கம் லேத் பட்டறைகள். மாசி மாதம் பதினோரு மணிக்கு மேல் மைதானம் முழுக்க ஒரு வெள்ளை வெளிச்சம் தளும்பி நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் தூரத்து மில் புகைபோக்கி லேசாக ஆடுவது போலத் தெரியும். அந்த வருஷம் கைவேலை டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். கத்தரிக்கோல் டப்பாவும் பசை டப்பாவும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அறிவியலும் கைவேலையும் ஒரே ஆளிடம் சிக்கியதால் நடந்தவைதான் இவை எல்லாம்.

வெளுத்த தோரணம்

குடியரசு தினத்துக்கு வராந்தாவில் கட்டிய காகிதத் தோரணத்தை யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்ப்பது யார் வேலை என்று முடிவாகாததால் அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு மதியம் ஆறாம் வகுப்பு பி பிரிவில் பாடம் நடத்தியபடியே நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் படுகிற பக்கத்தில் காவி நிறம் தண்ணீர் கலந்த பால் மாதிரி ஆகியிருந்தது. பச்சை எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆனால் தூணின் நிழல் விழுகிற இடத்தில் மட்டும் நிறம் அப்படியே இருந்தது, நேற்றுக் கட்டியது மாதிரி. காற்றில் அது அசைய அசைய, வெளுத்ததும் வெளுக்காததும் மாறி மாறிக் கண்ணில் பட்டன. நான் பேச்சை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. வகுப்பு முழுக்கத் திரும்பி நான் பார்த்த இடத்தைப் பார்த்தது.

"என்னன்னு பாத்தீங்களா கண்ணு? வெயில் சாயத்தைத் தின்னுபோட்டுது" என்றேன், சமாளிப்பதற்காக. முதல் பெஞ்சில் இருந்த கவிதா எழுந்தாள். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அது தீராமல் சாப்பிடக்கூடப் போகாத பிள்ளை அவள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்: "வெயில் பட்டா பேப்பர் வெளுக்குதுங்க, நாங்க கறுக்கறோமுங்க. ரெண்டும் ஒரே வெயிலுதானுங்களா டீச்சர்?"

சாயம் போகிற காகிதம்

பதில் சொல்ல எனக்கு இரண்டு நாளும் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகமும் தேவைப்பட்டன. காகிதத்தில் இருக்கிற சாயத்துக்கு உயிர் இல்லை, வெயில் பட்டால் அது உடைந்து போகிறது. தோலுக்கு உயிர் இருக்கிறது. அடி விழப்போகிறது என்று தெரிந்ததும் அது உள்ளேயிருந்து கறுப்பாக ஒரு திரையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது. கறுப்பது அசிங்கமல்ல, தோல் தன்னால் முடிந்தவரை குடை பிடிக்கிறது. அந்தத் திரையும் போதாமல் போகிறபோதுதான் தோல் வேகிறது, கொப்புளிக்கிறது. இதை வாயால் சொன்னால் மதியப் பீரியடில் யார் காதிலும் ஏறாது. ஆளுக்கொரு காகித மனிதனைச் செய்து, பாதி உடம்பை எதையாவது கொண்டு மூடி, வெயிலில் போட்டுப் பார்த்தால் என்ன என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. கைவேலைக்குக் கைவேலை, அறிவியலுக்கு அறிவியல்.

சனிக்கிழமை டவுன்ஹால் பக்கம் போனேன். கோயில் நோம்பிக்குத் தோரணம் ஒட்டுகிற மெல்லிய வண்ணக் காகிதம் விற்கிற பாய் கடை ஒன்று சந்துக்குள் இருந்தது. உள்ளே நுழைந்தாலே ஒரு நிறக் குளத்துக்குள் இறங்குவது போல இருக்கும். ஊதா, ரோஸ், கிளிப்பச்சை என்று கூரை வரை அடுக்கியிருப்பார். பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "இது நல்லா நிக்கும் டீச்சரம்மா" என்றார். "நிக்கக்கூடாதுங்க பாய், சீக்கிரம் வெளுக்கணும்" என்றேன். ஊதாக் கட்டு ஒன்றை இறக்கி, தலைப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். "முப்பது வருசமா சாயம் போகாத பேப்பர்னு பொய் சொல்லி வித்துட்டிருக்கறனுங்க. மொத மொதலா உங்களுக்குத்தான் உண்மையைச் சொல்லி விக்கறேன், எடுத்துட்டுப் போங்க."

பொம்மைக்கு என்ன போர்த்துவது

உள்ளங்கை நீளத்துக்கு ஊதாக் காகிதத்தில் ஓர் ஆளை வெட்டி, பழைய சேலைப் பெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். பிறகு வெயிலிலிருந்து அந்த ஆளைக் காப்பாற்ற, உடம்பில் பாதிக்கு என்ன செய்யலாம் என்று அவரவர் யோசிக்க வேண்டும். வெயில் பொம்மை என்று அதற்குப் பிள்ளைகளே பேர் வைத்தார்கள். கத்தரிக்கோல் சத்தமும் பசை வாசனையுமாக அன்றைய மதியம் யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஒருத்தி அப்பாவின் பழைய லுங்கியில் சட்டை தைத்தாள். ஒருத்தி தாவணித் துணியில் முக்காடு போட்டாள். ஐஸ்கிரீம் குச்சியில் குடை வந்தது. ஒரு பிள்ளை திருநீறு பூசியது, இன்னொன்று மஞ்சள் பூசியது. கவிதா வீட்டிலிருந்து சின்னப் புட்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து இடது பக்கம் மட்டும் தடவினாள். எதையும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேன்மொழி மட்டும் காகிதத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறவியிலேயே தோலில் நிறம் இல்லாத பிள்ளை அவள். தலைமுடி காய்ந்த சோளத்தட்டு நிறத்தில் இருக்கும், இமை முடியும் அப்படியே. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொள்வாள், புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துத்தான் படிப்பாள். தெருவில் வெள்ளைக்காரி என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பாள். அவ்வளவு பழகிப்போயிருந்தது. ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். ஊதாக் காகிதத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கோபமோ வருத்தமோ இல்லாமல் சொன்னாள்: "எனக்கு வெள்ளைப் பேப்பர் போதுங்க டீச்சர். போறதுக்கு அதுல சாயமே இல்லீங்களே."

மாடியில் படுத்திருந்தவர்கள்

ரஃப் நோட்டிலிருந்து ஒரு மட்டரக வெள்ளைத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதில் ஒரு பெண்ணை வெட்டி, அம்மாவின் பழைய சேலைக் கிழிசலை நெஞ்சுக்குக் குறுக்கே நாலாக மடித்துப் போர்த்தினாள். அறுபது பேரும் பள்ளி மாடியில் இரண்டு வாரம் படுத்திருந்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் கைகால்களில் கூழாங்கல் வைத்திருந்தோம். சரிபார்க்கிறேன் என்ற சாக்கில் தினமும் மதியம் நான் மேலே போய்விடுவேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தால், தெற்கே குளம் ஒரு தகடு மாதிரி மினுங்குவது தெரியும். சில நாள் சூலூர்ப் பக்கமிருந்து ஒரு விமானம் கிளம்பி, ஒரு வெள்ளைக் கோட்டை வானத்தில் விட்டுவிட்டுப் போகும். அந்தக் கோடு அகலமாகி, பஞ்சாகி, ஒன்றுமில்லாமல் கரைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். என் முன்னால் ஊதா மனிதர்கள் ஏதோ பெரிய களைப்பில் இருப்பவர்கள் போல மல்லாந்து கிடப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் நிறம் இளகிக்கொண்டிருக்கும். மில் சங்கு ஊதினால்தான் எனக்கு நினைவு வரும்.

பொம்மைகளுக்குக் காவல் ருக்மணி ஆயா. காக்கையை விரட்டுவது, சரிந்த கல்லை எடுத்து வைப்பது எல்லாம் அவர்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். இந்தத் தேன்மொழி திங்கட்கிழமை ஆனால் வருவதில்லை, கேட்டால் காய்ச்சல் என்கிறாள், வருகைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேராக வாராவாரம் ஒரே கட்டத்தில் கழித்தல் குறி விழுகிறது என்றேன். அன்று காலைதான் அவளை வகுப்பில் நிற்க வைத்து, பொய் சொல்லாதே என்று கண்டித்திருந்தேன். ஆயா காக்கை விரட்டுகிற குச்சியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "திங்கக்கெழமை அந்தப் புள்ளைக்குக் காய்ச்சல் வாரதில்லீங்க டீச்சர், டிரில்லுதான் வருது. ஒரு மணி நேரம் வெயில்ல நின்னா பொறகு மூணு நாளைக்குத் தோள்பட்டையில துணி போட முடியறதில்லீங்க."

மில் லைன் வீடு

அன்று பொழுதோட, பள்ளி விட்டதும் தேன்மொழியின் வீட்டுக்குப் போனேன். மில் லைன் வீடுகளில் கடைசி வீடு. அவள் அம்மா சரசு அப்போதுதான் ஷிப்டு முடிந்து வந்திருந்தார். தலைமுடி முழுக்கப் பஞ்சுத் தூசி, முன்கூட்டியே நரைத்த மாதிரி. இவர்கள் குடும்பம் தலைமுறையாகத் தோட்டத்துக் கூலி. மில்லில் நூல் சுற்றுகிற வேலைக்கு வந்தவர் சரசுதான் முதல் ஆள். உள் அறையில் விளக்குப் போடாமல் தேன்மொழி ரேடியோவுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, சட்டையை இழுத்து மூட முடியாமல் தோளைக் கொஞ்சம் ஒதுக்கினாள். சட்டைக் கழுத்து எங்கே முடிகிறதோ அங்கேயிருந்து சிவந்து, தோல் உரிந்து, நீர் கோத்திருந்தது. முதல் வாரத்து டிரில்லுக்கு வந்து நின்றதில் ஆனது, ஆறுவதற்குள் பள்ளிக்கு நடக்கிற வெயில் மறுபடி மறுபடி உரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையைத்தான் காலையில் பொய்க்காரி என்றிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இத்தனை நாள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று சரசுவிடம் கேட்டேன். "படிக்கறதே பெருசுங்க, இதுல அது வேண்டாம் இது வேண்டாம்னு சொன்னா டீசி குடுத்துருவாங்களோன்னு ரோசனை" என்றார். பிறகு காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, கதவுப் பக்கம் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "மூணு வயசுல வெயில்ல வெச்சா நெறம் ஏறும்னு பக்கத்துல சொன்னாங்க. தெனமும் நாந்தானுங்க டீச்சர் தூக்கிட்டுப் போயி ஒக்கார வெச்சேன். அழுதாலும் எந்திரிக்க உடமாட்டேன்."

துணியை விலக்கிய நாள்

மறுநாள் சரசு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தார். மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரைப் பார்த்தோம். இது யார் செய்த பாவமும் இல்லை, திரை போர்த்துகிற சாமான் இந்தத் தோலில் பிறவியிலேயே இல்லை, நிறம் ஏறவும் போவதில்லை. முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, நிழல், கண்ணுக்குக் கண்ணாடி, இவை இருந்தால் எல்லாப் பிள்ளையையும் போல இருப்பாள் என்றார் அவர். சரசு "நெறம் ஏறாதுங்களா" என்று இன்னொரு தடவை கேட்டு, ஏறாது என்று கேட்டுக்கொண்டபின் ஒரு பெரிய மூச்சு விட்டார். அது வருத்தமா, நிம்மதியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மாடியில் வட்டமாக உட்கார்ந்து பொம்மைகளின் துணியை விலக்கினோம். லுங்கிச் சட்டைக்கு அடியில் ஊதா அப்படியே இருந்தது, சட்டைக்கு வெளியே கைகால்கள் சாம்பலாகியிருந்தன. தாவணித் துணி பாதிதான் காப்பாற்றியிருந்தது. ஐஸ்கிரீம் குச்சிக் குடையின் நிழல் வெயிலோடு நகர்ந்துகொண்டே இருந்ததால் அந்தப் பொம்மையின் முகம் கலங்கின தண்ணீரில் தெரிகிற மாதிரி இருந்தது. திருநீறும் மஞ்சளும் முதல் நாள் காற்றோடு போயிருந்தன. எண்ணெய் தடவிய பக்கத்தை எறும்பு அரித்திருந்தது. மிச்சமும் வெளுத்துத்தான் இருந்தது. கவிதா அதை முகர்ந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக வெள்ளைப் பொம்மை. அதில் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். உள்ளதைச் சொன்னால், நானும். தேன்மொழி சேலைத் துணியை நாலு மடிப்பையும் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். அடியில் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை மட்டும் பால் மாதிரி வெள்ளை. தலை, கை, கால் எல்லாம் தோசை முறுகின நிறத்தில் பழுத்து, ஓரம் சுருண்டு, தொட்டால் ஒடிகிற மாதிரி இருந்தது. பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க முன்னால் நகர்ந்து வந்தார்கள். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பாருங்க டீச்சர். சாயமே இல்லாததுதான் எல்லாத்தையும்விட எச்சா வெந்துபோயிருக்குது."

மாஸ்டரின் தொப்பி

டிரில் எடுப்பவர் தங்கவேலு மாஸ்டர். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்று, எங்கள் பள்ளிக்கு உடற்பயிற்சி ஆசிரியராக வந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். விளையாட்டு மைதானத்தில் எந்தப் பிள்ளை கீழே விழுந்தாலும் முதலில் ஓடுகிறவர் அவர்தான். ஆனால் ஆண்டு விழாவுக்காகத் திங்கட்கிழமை தோறும் எல்லா வகுப்பையும் மைதானத்தில் ஒன்றரை மணி நேரம் நிறுத்துவார், எந்தக் காரணத்துக்கும் யாரையும் விலக்க மாட்டார். தேன்மொழியை மட்டும் விலக்கிவிடுங்கள் என்று கேட்க எனக்கும் மனம் வரவில்லை. தனியாக வகுப்பில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது அவளுக்கு இன்னொரு தண்டனை. அதனால் டிரில்லையே நிழலுக்கு மாற்றுங்கள் என்று கேட்பதென்று முடிவு செய்து, பொம்மைகளைத் தட்டில் அடுக்கி, கவிதாவையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் மைதானத்துக்கே போனேன்.

"வெயில் பட்டாத்தாங்க எலும்பு உறுதியாகும், டீச்சர்" என்றார். அது வாஸ்தவம்தான், கொஞ்ச நேரம் பட்டால் நல்லதுதான் என்றேன். "ஒரு புள்ளைக்காக முந்நூறு புள்ளைகளை இடம் மாத்தறதுங்களா? நானெல்லாம் இருபது வருசம் வெயில்லயேதான் நின்னேன். எனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபடி தொப்பியைக் கழற்றி, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். அவர் தொப்பி இல்லாமல் இருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. புருவத்துக்கு மேலே நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு மேலே மாநிறத்தில் மிருதுவான நெற்றி, கோட்டுக்குக் கீழே கருகிச் சுருங்கின முகம். இரண்டு வெவ்வேறு ஆட்களை ஒட்டிவைத்தது போல இருந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். கவிதா தட்டில் இருந்த பொம்மையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கிண்டல் செய்யத் தெரியாத பிள்ளை, கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில்தான் சொன்னாள்: "ஏனுங்க சார், நீங்க மேல் பாதி மட்டும் மூடி வெச்சுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

நிழலை அளந்தவர்

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை டிரில் நடக்கவில்லை. மாஸ்டர் விடுப்பு என்றார்கள். காரியம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இந்த மாதிரி நேரத்தில் ஸ்டாஃப் ரூமில் நம் காதுபடவே எழுகிற பேச்சு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், அதை எழுதவில்லை. புதன்கிழமை காலை மாடியிலிருந்து பார்த்தால், பள்ளிக்கு மேற்கே சைக்கிள் நிறுத்துகிற பின்பக்க மைதானத்தில் மாஸ்டர் தனியாக நின்றுகொண்டிருந்தார். கையில் சுண்ணாம்பு டப்பா. கட்டடத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே ஒரு கோடு போட்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்து, நிழல் சுருங்கியிருந்த இடத்தில் இன்னொரு கோடு. அப்புறம் இன்னொன்று. அடிக்கணக்கில் நடந்து அளந்தார். மேலேயிருந்து பார்க்க, நிழல் என்கிற பெரிய மிருகம் தூக்கத்தில் மெல்ல உடம்பைச் சுருட்டிக்கொள்வதும், அதைத் தொந்தரவு செய்யாமல் ஒருவர் அதன் ஓரத்தை வரைந்துகொண்டே போவதும் போல இருந்தது.

வியாழக்கிழமை ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். பத்தரை வரைக்கும் பின்பக்கம் முழு நிழல் இருக்கிறது. முந்நூறு பேரும் நிற்கலாம். எச்.எம்.மிடம் சொல்லியாகிவிட்டது. சைக்கிள் வைத்திருக்கிற ஆசிரியர்கள் திங்கட்கிழமை முன்பக்க மைதானத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். வெயிலில் நின்றால் டயர் வெடிக்குமே என்று கணக்கு வாத்தியார் இழுத்தார். மாஸ்டர் வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினார். "டயரு போனா வேற மாத்திக்கலாமுங்க. தோலுக்குக் கடை இல்லீங்க."

மூன்றாம் வரிசை

அந்தத் திங்கட்கிழமை தேன்மொழி முழுக்கைச் சட்டையும், சரசு மில் துணியில் தைத்துக்கொடுத்த அகலமான தொப்பியுமாக மூன்றாம் வரிசையில் நின்றாள். டிரில் அவளுக்குத் தெரியாது. எல்லாருடைய கையும் மேலே போன பிறகுதான் அவள் கை மேலே போகும், எல்லாரும் இறக்கிய பிறகு இறங்கும். ஒரு பெரிய அலைக்குப் பின்னால் ஒரு சின்ன அலை தனியாக வருவது போல. மாஸ்டர் கவனித்தார். திருத்துவார் என்று நினைத்தேன். விசில் ஊதுவதைக் கொஞ்சம் மெதுவாக்கினார், அவ்வளவுதான். முந்நூறு பேரும் மெதுவானார்கள். நிழலில் வெள்ளைச் சட்டைகள் ஏறி இறங்குவது நீருக்கடியில் நடப்பது போல இருந்தது.

பின்பக்கக் கம்பிவேலி ஓரம் சரசு நின்றிருந்தார். ஷிப்டுக்கு நேரமாகியிருக்கும், கையில் சோற்றுத் தூக்குப் போசி. உள்ளே வந்து உட்காரலாமே என்று ருக்மணி ஆயா கூப்பிட்டார். சரசு வேலியை விட்டு நகரவில்லை. "இருக்கட்டுங்க. எம் புள்ள வரிசையில நிக்கறதை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

மேகம் இறங்கிய இடம்

அதற்கடுத்த காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளை வால்பாறைக்குக் கூட்டிப்போனோம். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன டீச்சர்களுக்கு அனுதாபம் தேவை. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவுக்கும் எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையுமாகப் பஸ்ஸுக்குள் ஓடியவர்களில் நானும் ஒருத்தி. மேலே போனபோது தேயிலைத் தோட்டம் எதுவும் கண்ணில் படவில்லை. மேகம் சாலை வரை இறங்கியிருந்தது. பஸ்ஸை நிறுத்தினார்கள். பிள்ளைகள் இறங்கியதும் ஒவ்வொருவராக அந்த வெண்மைக்குள் மறைந்தார்கள். சத்தம் மட்டும் இங்கேயும் அங்கேயும் கேட்டது. எதிலும் நிழல் இல்லை, எதிலும் வெயில் இல்லை. கொஞ்ச தூரத்தில் தேன்மொழி நின்றிருந்தாள். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, கண்ணை முழுக்கத் திறந்து நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் அவ்வளவு பெரியது என்பது எனக்கு அதுவரை தெரியாது. அவள் முடியும் மேகமும் ஒரே நிறத்தில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தன.

அறிவியல் டீச்சருக்கு வாய் சும்மா இருக்காது. மேகத்துக்குள்ளும் வெயில் கொஞ்சம் கசிந்து வரும், தொப்பியைப் போட்டுக்கொள் கண்ணு என்று சொல்லப் பக்கத்தில் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பாமலே சொன்னாள்: "தெரியுமுங்க டீச்சர். அஞ்சே நிமிசமுங்க."

ஒளிச்சேர்க்கையிலிருந்து சூரிய கிரகணம் வரைக்கும் வருஷக்கணக்கில் நடத்தினேன், அதில் ஒரு வரிகூட நினைவில்லாத என் பழைய மாணவிகள் இன்றைக்கு என்னைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் கையைப் பிடித்து நிழலுக்குள் இழுத்து நிறுத்திவிட்டுத்தான் வணக்கமே சொல்கிறார்கள் என்பதால், மொத்தத்தில் நான் பாஸ் மார்க் வாங்கியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்.